லூசியாவும் ரஃபாயேலும் ஒத்துப்போன கண்

என் தங்கை ரூபியேலாவின் கணவர் எவேலியோ குவார்னிசோவின் இடது கண், ஏறக்குறைய ஓர் ஆண்டு காலம் இபாகே நகரத்திலேயே மிகவும் மதிக்கப்பட்ட கண்ணாக இருந்தது. அந்த ஆண்டு முழுவதும் அதற்குச் சரியாகப் பார்வை கிடையாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொன்னால் உயர்பார்வை நிறுவனத்துக் கண் டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். நான் டாக்ஸி ஓட்டுகிறவன். என்னிடம் கோபித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம்.

எவேலியோ வார நாட்களில் செருப்புக்கடையில் வேலை பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிக் கால்பந்துச் சங்கத்துக்கு நடுவர். கடையில் அவரை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. முதலாளி கூப்பிடும்போது பெயர்கூடச் சொல்லமாட்டார், கையைத் தட்டுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எவேலியோ விசிலை வாயில் வைத்து ஊதினால் இருபத்திரண்டு பேர் நிற்பார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாட்களும் அந்த மனிதர் ஊரார் காலடியில் குந்தி அளவு பார்த்தார் என்று நான் நினைக்கிறேன். வலது கண் சின்ன வயதிலேயே பந்து அடித்துப் போய்விட்டது. நிழலாட்டம் மட்டும் தெரியும். எல்லாம் இடது கண்ணை நம்பித்தான். மைதானத்தில் நடுவரைக் குருடன் என்று திட்டுவது எங்கள் ஊர் வழக்கம், அதை அவர் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார். இடது கண்ணில் புரை விழுந்த பிறகு அந்தத் திட்டில் கொஞ்சம் உண்மை சேர்ந்துவிட்டது. அதுதான் அவரைச் சுட்டது.

ஒரு ஞாயிறு, பந்து கோல் வலையைக் கிழித்துக்கொண்டு போய் பின்னால் நின்ற சோள அடை வண்டிக்காரியின் கல்லில் விழுந்தது. எவேலியோ கார்னர் கொடுத்தார். கோல் வாங்கிய அணியின் தலைவனே அவரிடம் வந்து, "ரெஃப்ரி, அது கோலுங்க. எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றான்.

சங்கத் தலைவி நூபியா அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டாள். முட்டை மொத்த வியாபாரம் செய்கிறவள். எதையும் உடையாமல் கையாளத் தெரிந்தவள்.

"எவேலியோ, உங்களை நான் தூக்க மாட்டேன். ஆனா அடுத்த ஜூன் மாசம் வர்ற சான் பெத்ரோ திருவிழாக் கோப்பைக்குள்ள கண்ணைச் சரி பண்ணிட்டு வந்துருங்க. இல்லேன்னா விசில் ஃபெர்னேய் கைக்குத்தான் போகும்."

"ஃபெர்னேயா? அவனுக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாதே."

"தெரியாது. ஆனா பந்து தெரியும்."

மறு வாரமே நான் அவரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு உயர்பார்வை நிறுவனத்துக்குப் போனேன்.

புரை அறுவை என்பது மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைப்பது. எந்த லென்ஸ் என்று முடிவு செய்ய, விழி முன்னாலிருந்து பின்னால்வரை எவ்வளவு நீளம் என்று முதலில் அளக்க வேண்டும். அந்த அளவுக்குத்தான் போனோம். ஐந்து நிமிட வேலை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அளப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நாங்கள் போன அன்று கூடத்தில் பூமாலை தொங்கியது. எங்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். பிறகு எழுந்து நிற்கச் சொன்னார்கள். தேசிய கீதம் ஒலித்தது. மாநில கீதம் ஒலித்தது. நகர கீதம் ஒலித்தது. உட்காரலாம் என்று குனிந்தபோது நிறுவன கீதம் தொடங்கியது. அதை நிறுவனத் தலைவர் டாக்டர் எர்னான் ஒயுவேலாவே எழுதியிருந்தார், விழித்திரைக்கு மட்டும் தனியாக ஒரு சரணம் இருந்தது. எவேலியோ நெஞ்சில் கை வைத்து நின்றார். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, "அளக்க வந்தீங்களா, அடக்கத்துக்கு வந்தீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். அவளும் அளக்கத்தான் வந்திருந்தாள்.

தலைவர் பேசினார். "இதுவரை மனிதகுலம் கண்ணைத் தொட்டு அளந்தது. பேனா போன்ற ஒரு கருவியை விழியின்மேல் வைத்தது. இன்று முதல் இந்த நிறுவனம் எந்த நோயாளியையும் தொடாது. ஒளி தொடும், நாங்கள் தொடமாட்டோம். செவிலியர் தொடமாட்டார்கள். எங்கள் கதவுகளைக்கூட நீங்கள் தொட வேண்டியதில்லை. அவை தாமே திறக்கும். திறக்காத நேரங்களில் காத்திருக்கும் வசதி செய்யப்பட்டிருக்கிறது."

பிறகு திரை விலகியது. இரண்டு கருவிகள். இரண்டுமே கண்ணைத் தொடாமல் ஒளியால் அளப்பவை. ஒன்றை நிறுவனம் வாங்கியிருந்தது. மற்றொன்றை, நோயாளிகளின் சிகிச்சைச் செலவை ஏற்கும் காப்பீட்டு நிறுவனம் அன்பளிப்பாகத் தந்திருந்தது. பாதிரியார் வந்து இரண்டுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது என்று பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்; உறைக்குத்தான் ஞானஸ்நானம் ஆனது. நிறுவனத்தின் கருவிக்கு லூசியா என்று பெயர் வைத்தார்கள், கண்களைக் காக்கும் புனிதை. காப்பீட்டுக் கருவிக்கு ரஃபாயேல், குருடனுக்குப் பார்வை தந்த தேவதூதர்.

இதுவரை ஒரு தவறும் நடக்கவில்லை. தவறு ஞானத்தந்தைகளைத் தேர்ந்தெடுத்ததில் நடந்தது. மரியாதை கருதி மாற்றிக்கொண்டார்கள். லூசியாவுக்கு ஞானத்தந்தை காப்பீட்டு மேலாளர் டாக்டர் லிபார்தோ சார்ரி. அவர் வக்கீல்தான், எங்கள் ஊரில் டை கட்டினால் டாக்டர். ரஃபாயேலுக்கு ஞானத்தந்தை தலைவர் ஒயுவேலா. ஆக இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே ஆகிவிட்டார்கள். பிள்ளையைப் பெற்றவனும் அதற்கு ஞானத்தந்தையாக நின்றவனும் கொம்பாத்ரே. உடன்பிறந்தவனோடு வெட்டுக்குத்து நடக்கலாம், கொம்பாத்ரேயின் பிள்ளையை ஒரு வார்த்தை குறைத்துப் பேசக்கூடாது. பேசினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

வயிற்றில் பட்டாணி அடைத்துச் சுட்ட பன்றியை எல்லோருக்கும் பரிமாறினார்கள். நன்றாகவே இருந்தது. தின்று முடித்துவிட்டு, அளவு எப்போது என்று கேட்டேன்.

"ஞானஸ்நானம் நடந்த அன்னிக்கு பிள்ளைங்களுக்கு வேலை கொடுப்பாங்களாங்க?" என்றாள் கருவிகளை இயக்கும் மரிசோல். அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

அடுத்த வாரம் போனோம். லூசியாவின் முன்னால் ஒருமுறை, ரஃபாயேலின் முன்னால் ஒருமுறை, தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார வேண்டும். ஆசிரியை முதலில் உட்கார்ந்தாள். இரண்டு கருவிகளும் இரண்டு அளவைச் சொல்லின. வித்தியாசம் ஒரு காகிதத்தின் தடிமனில் பாதி. அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. மரிசோல் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்: "உங்க கண்ணு இன்னும் முடிவாகலைங்க. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் ஆபரேஷன்."

"முடிவாகலைன்னா? எழுபது வருஷமா என் மூஞ்சியிலதான்டி இருக்கு" என்றாள் ஆசிரியை.

எவேலியோவின் முறை வந்தது. லூசியா இருபத்து மூன்றரை மில்லிமீட்டர் என்றாள். ரஃபாயேலும் இருபத்து மூன்றரை என்றான். மரிசோல் நம்பாமல் மறுபடி அளந்தாள். மறுபடியும் அதே. தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இடம் போனாலும் அதே. அவள் எழுந்து மாடிக்கு ஓடினாள்.

"மச்சான், ஒத்துப்போச்சு போலிருக்கே. நாளைக்கே பண்ணிருவாங்களா?" என்று எவேலியோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

தலைவர் இறங்கி வந்தார். பின்னாலேயே ஆறேழு டாக்டர்கள். அவர் எவேலியோவுக்கு நேரே நின்று, இரண்டு கைகளையும் விரித்து, தொடாமல் காற்றில் கட்டிக்கொண்டார். "ஐயா, இந்தப் பிள்ளைகள் உலகத்தில் ஒத்துப்போன ஒரே கண் உங்களுடையது" என்றார். எவேலியோ அதை வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே இணக்க ஆணையம் என்று ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல் தீர்மானம், எவேலியோவின் இடது கண்ணை நிறுவனத்தின் அளவுகோலாக, அதாவது ஆதாரக் கண்ணாக அறிவிப்பது. தினமும் காலையில் அந்தக் கண்ணை இரு கருவிகளுக்கும் காட்ட வேண்டும். அவை ஒத்துப்போகும் வழக்கத்தை மறந்துவிடக் கூடாது. இரண்டாவது தீர்மானம், ஆதாரக் கண்ணில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. அறுவை செய்தால் உள்ளே லென்ஸ் மாறிவிடும். மாறினால் அது அதே கண் அல்ல. ஆகவே அறுவை கிடையாது.

இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அன்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பெரிய இடம், கண்ணாடிக் கட்டடம், டாக்டர்கள். ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். காரணம் இருக்கும் என்று நினைத்தே எங்கள் ஊர் பாதி நாசமாகியிருக்கிறது.

ஆதாரக் கண்ணுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். அதில் புகைப்படத்துக்குப் பதிலாகக் கண் மட்டும் இருந்தது. வாசல் காவலாளி தினமும் அட்டையையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்து உள்ளே விடுவான். அட்டை இடது கண்ணுக்கு மட்டும் என்பதால், வலது கண்ணுக்குத் தனியாகப் பார்வையாளர் சீட்டு எழுத வேண்டியிருந்தது. என் டாக்ஸியின் பின்கண்ணாடியில் 'ஆதாரக் கண் உள்ளே' என்று ஓர் ஒட்டுத்தாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அதைப் பார்த்து சல்யூட் அடித்தார். ஏதோ புதுத் துறை என்று நினைத்திருப்பார்.

விதிகளும் வந்தன. எவேலியோ வெங்காயம் உரிக்கக் கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. அழக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு சாவுக்குப் போனபோது நிறுவனத்திலிருந்து ஒரு செவிலி கூடவே வந்து, அவருக்குத் துக்கம் வருகிற சமயங்களில் வானிலை பற்றிப் பேசினாள்.

அறுவைக்குக் காத்திருந்தவர்கள் நாளுக்கு நாள் பெருகினார்கள். ஒருவர் கண்ணும் முடிவாகவில்லை. ஆசிரியை வாராவாரம் வந்து அளந்துகொண்டு போவாள், எவேலியோவைப் பார்த்து, "என்ன சாப்பிடுறீங்க? சொன்னா நானும் சாப்பிடுறேன்" என்பாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் எவேலியோ துணிந்து தலைவரிடமே கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"டாக்டர், எனக்கு ஆபரேஷன் எப்போ?"

"எவேலியோ ஐயா, ஆபரேஷன் பண்ணின கண்ணு இந்த ஊர்ல ஆயிரக்கணக்குல இருக்கு. ஒத்துப்போற கண்ணு ஒண்ணே ஒண்ணுதான். அளவுக்குன்னு வெச்சிருக்கிற கோலை யாராவது வெட்டி நாற்காலி பண்ணுவாங்களா?"

"எனக்கு நாற்காலி வேண்டாம் டாக்டர். பந்து தெரியணும்."

தலைவர் பரிவோடு தலையசைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், மத்தவங்களுக்கு அரைக் காகித வித்தியாசம் வருதே, அதனால வைக்கிற லென்ஸ் மாறுமா?" என்று கேட்டேன்.

"மாறாது. ரெண்டு அளவுக்கும் அதே லென்ஸ்தான்."

"அப்ப வெச்சிர வேண்டியதுதானே?"

"அது மருத்துவக் கேள்வி. நான் நிறுவனத் தலைவர்."

"சரி, ரெண்டுல ஒண்ணு சரின்னு வெச்சுக்கலாமே."

"எதை?" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "லூசியா என் வீட்டுப் பிள்ளை. ரஃபாயேல் நான் ஞானத்தந்தையா நின்ன பிள்ளை. எந்தப் பிள்ளை பொய் சொல்லுதுன்னு நான் போய் கொம்பாத்ரேகிட்ட சொல்றது? நீங்க டாக்ஸியைப் பாத்து ஓட்டுங்க."

காப்பீட்டு மேலாளர் சார்ரியிடமும் போனேன். அவர் எனக்குக் கடுங்காப்பி வாங்கிக் கொடுத்து, அதே பதிலைப் பெயர்களை மட்டும் மாற்றிச் சொன்னார்.

புது ஆண்டில் புரை வேகமாக முற்றியது. ஒரு ஞாயிறு நான் மைதானத்துக்குப் போயிருந்தேன். எவேலியோவுக்குப் பந்தே தெரியவில்லை, சத்தத்தை வைத்து ஓடினார். ஆட்டக்காரர்கள் நல்ல பிள்ளைகள். எதிரணி செய்த தவறுகளையெல்லாம் உரக்கச் சொல்லி அவருக்கு உதவினார்கள். "ரெஃப்ரி, அவன் கையால தொட்டான்." "ரெஃப்ரி, இவன் காலைத் தட்டிவிட்டான்." பாதி ஆட்டத்தில் பந்து அவர் முகத்திலேயே வந்து அடித்தது. கூட்டம் திட்டவில்லை. அதுவரை அந்த மைதானம் அவரை அப்படிப் பரிதாபமாகப் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது டாக்ஸியில், "மச்சான், இன்னிக்கு நான் விசில் ஊதலை. அவங்க ஊதவெச்சாங்க" என்றார். நான் ரேடியோவைப் போட்டேன். ஏதாவது சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும். அவருக்கோ அழத் தடை இருந்தது.

மே மாதத்தில் ஒரு காலை, எவேலியோ லூசியாவின் முன்னால் தாடையை வைத்தார். திரையில் எண் வரவில்லை, சின்னச் சின்னக் கோடுகள் வந்தன. ரஃபாயேலிடமும் கோடுகள். ஒளி உள்ளே போகவே இல்லை. புரை அந்த அளவுக்குக் கெட்டித்துப்போயிருந்தது. மரிசோல் வெளுத்துப்போய் மாடிக்கு ஆள் அனுப்பினாள். தலைவர் வந்து நின்றார்.

"லூசியா என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலை டாக்டர்."

"ரஃபாயேல்?"

"அவனும் ஒண்ணும் சொல்லலை."

தலைவர் டையை நேராக்கிக்கொண்டார். "அப்ப ரெண்டுக்கும் வித்தியாசம்?"

மரிசோல் இரண்டு திரைகளையும் மறுபடி பார்த்தாள். "பூஜ்யம், டாக்டர்."

தலைவரின் முகம் மெல்ல மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்றே புரை முற்றிப்போன வேறு நோயாளிகளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் கோடுகள். எல்லோருக்கும் பூஜ்யம். அரைக் காகிதம்கூட வித்தியாசமில்லை.

அடுத்த வாரம் இணக்கப் பெருவிழா என்று அழைப்பு வந்தது. எவேலியோ முன்வரிசையில் உட்கார வேண்டும், குடும்பத்தோடு. ரூபியேலா கறுப்பு உடை உடுத்திக்கொண்டாள். ஏன் கறுப்பு என்று நான் கேட்டதற்கு, "இடத்துக்குத் தகுந்த மாதிரி போறேண்ணே" என்றாள்.

தலைவர் மேடையேறினார். "கருவிகளில் பிழை இல்லை என்பதை இந்த நிறுவனம் நிரூபித்துவிட்டது. பிழை பார்வையில் இருந்தது. ஒரு கண்ணில் சிறிதளவு பார்வை மிச்சம் இருக்கும்வரை சிறிதளவு கருத்து வேறுபாடும் இருக்கத்தான் செய்யும். பார்வை முழுவதும் நீங்கியதும் முழு இணக்கம் ஏற்படுகிறது. ஆகவே இனி எல்லா நோயாளிகளும் புரை நன்கு முற்றும்வரை பொறுமை காக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அவசரப்பட்டுச் சீக்கிரம் வருகிறவர்களால்தான் அறிவியல் பின்தங்குகிறது."

கைதட்டல். சார்ரி எழுந்தார். "இந்த ஆய்வு நடந்த காலம் முழுவதும் ஒரு புரை அறுவைக்குக்கூட எங்கள் நிறுவனம் செலவு செய்ய நேரவில்லை. தரம் உயர்ந்தால் செலவு குறையும் என்று நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்." மறுபடி கைதட்டல். கொம்பாத்ரேக்கள் இருவரும் மேடையில் காற்றில் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு ஆதாரக் கண்ணின் உரிமையாளர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். நான் எவேலியோவை மைக்வரை நடத்திப்போனேன். அவர் கொஞ்ச நேரம் மைக்கைத் தடவிக்கொண்டு நின்றார்.

"லூசியா ஒண்ணும் தெரியலைங்கிறா. ரஃபாயேலும் ஒண்ணும் தெரியலைங்கிறான். எனக்கும் ஒண்ணும் தெரியலைங்க. மூணு பேரும் ஒத்துப்போயிட்டோம். இனிமே என்னை வீட்டுக்கு விட்டுருவீங்களா?"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இணக்க ஆணையச் செயலாளர், மூன்றாவது கருவியும் முடிவை உறுதிசெய்தது என்று குறித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது ரூபியேலா எழுந்தாள். "டாக்டர், இவர் கண்ணை இப்ப எப்படி அளப்பீங்க?"

"அளக்க முடியாது அம்மா. அதுதான் சாதனை."

"வேற வழியே கிடையாதா?"

"பழைய வழி ஒன்று இருக்கிறது. தொட்டு அளப்பது. ஒளி போகாத கண்ணிலும் அது போகும். பக்கத்து ஊரான எஸ்பினாலின் அரசு ஆஸ்பத்திரியில் இன்னும் அதைச் செய்கிறார்களாம், பாவம்." சபை சிரித்தது. தலைவர் கையசைக்க, விழா முடிவாகத் தேசிய கீதம் ஒலித்தது.

ரூபியேலா எவேலியோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். ஒருவராலும் தடுக்க முடியவில்லை. கீதம் ஒலிக்கும்போது எங்கள் ஊரில் யாரும் அசையமாட்டார்கள். தலைவர் நெஞ்சில் கை வைத்தபடி கண்களை மட்டும் உருட்டினார். காவலாளி விறைத்து நின்றபடி, "அம்மா, அட்டை... ஆதாரக் கண்ணு வெளிய போகக் கூடாதும்மா" என்று உதடு அசையாமல் முனகினான். மாநில கீதத்தில் நாங்கள் படியிறங்கினோம். நகர கீதத்தில் தானியங்கிக் கதவு திறக்காததால் ரூபியேலா அதைத் தோளால் தள்ளினாள். விழித்திரைச் சரணம் கேட்கும்போது நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

எஸ்பினால் ஆஸ்பத்திரியில் மின்விசிறி ஒன்று கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் யானெத் என்ற இளம்பெண் எவேலியோவின் தாடையைக் கையால் தூக்கிப் பார்த்தாள். யாராவது அவர் முகத்தைத் தொட்டு மாதக்கணக்காகிவிட்டதால் அவர் திடுக்கிட்டார்.

"இவ்வளவு முத்தவிட்டுட்டு எங்கய்யா இருந்தீங்க?"

"ஆதாரமா இருந்தேன் டாக்டரம்மா."

அவளுக்குப் புரியவில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டாள், பேனா மாதிரி ஒன்றை விழியில் மெல்ல வைத்து எடுத்தாள், எண்ணை எழுதிக்கொண்டாள். அதற்குள் நான் வண்டியை நிழலில்கூட நிறுத்தியிருக்கவில்லை. அடுத்த வாரம் அறுவை நடந்தது. கண்கட்டைப் பிரித்ததும் எவேலியோ ரூபியேலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியை எப்ப வெட்டினே?"

"கிறிஸ்துமஸுக்குங்க."

"யாருமே எங்கிட்ட சொல்லலையே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரைக் குறை சொல்ல முடியாது. அத்தனை மாதமும் அவருடைய கண் எப்படி இருக்கிறது என்றுதான் எல்லோரும் விசாரித்தோம். அவருக்கு என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

சான் பெத்ரோ கோப்பை இறுதி ஆட்டத்தில் விசில் எவேலியோவின் கையில் இருந்தது. முதல் பாதியில் ஓர் ஆஃப்சைடு கொடுத்தார், சரியானது. ஒரு கோலை மறுத்தார், அதுவும் சரியானது. கூட்டம் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டியது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

இடைவேளையில் தலைவர் ஒயுவேலா வந்தார். கோட்டு, டை, கறுப்புக் கண்ணாடி, புழுதியெல்லாம் காலில். எல்லைக் கோட்டோரம் நாங்கள் நின்ற இடத்துக்குக் குரலை வைத்தே வந்து சேர்ந்தார்.

"எவேலியோ ஐயா, என்ன காரியம் பண்ணிட்டீங்க? புரை முத்தினவங்க எல்லாம் உங்க பின்னாலேயே எஸ்பினாலுக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்கள்ல ஒருத்தர் கண்ணும் ஒத்துப்போக மாட்டேங்குது. கொம்பாத்ரே போன்கூட எடுக்கிறதில்லை."

"எனக்கு வருத்தமா இருக்கு டாக்டர்" என்றார் எவேலியோ. உண்மையாகவே வருத்தப்பட்டார், அந்த மாதிரி மனிதர்.

"எடுத்த புரையை வெச்சிருக்காங்களா? திரும்ப உள்ள வைக்க வழி இருக்கான்னு கேட்டுப் பாக்கலாமே."

"அதைக் கரைச்சு உறிஞ்சிட்டாங்க டாக்டர்."

தலைவர் பெருமூச்சு விட்டார். வியர்வை துடைக்கக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். எவேலியோ அவர் முகத்தை அன்றுதான் தெளிவாகப் பார்த்தார். பார்த்தவர் ஓர் அடி முன்னால் போய், செருப்புக்கடையில் குனிந்து பார்ப்பதுபோல், இன்னும் உற்றுப் பார்த்தார்.

"டாக்டர், உங்களுக்கு எவ்வளவு நாளா இருக்கு?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். இரண்டு கண்மணிகளிலும் தண்ணீர் கலந்த பால் மாதிரி ஒரு வெளுப்பு.

தலைவர் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "லூசியா ஒண்ணு சொல்றா. ரஃபாயேல் ஒண்ணு சொல்றான்."

"நீங்கதானே டாக்டர் தலைவர். ரெண்டுல ஒண்ணை எடுத்துக்குங்கன்னு நீங்களே சொல்லிக்க வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"நானே விதியை மீறினா நோயாளிங்க என்ன நினைப்பாங்க?" என்றார். பிறகு எவேலியோ நின்ற பக்கம் தலையைத் திருப்பி, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்தப் பொண்ணு... தொடும்போது வலிக்குமா?"

"வலிக்காது டாக்டர். தொட வேண்டாம்னு நீங்களே தள்ளிப்போட்டாத்தான் கஷ்டம்."

அணிகள் மைதானத்துக்குள் வந்தன. எவேலியோ ஓடிப்போய் ஆட்டத்தைத் தொடங்கினார். தலைவர் விடைபெறுவதுபோல் தலையாட்டிவிட்டு நடந்தார். வாசல் இருந்த பக்கம் அல்ல, நேரே ஆட்டத்துக்குள். பந்து அவர் காலுக்கு அருகே உருண்டு போனது, அது அவருக்குத் தெரியவில்லை. எவேலியோ நீளமாக விசில் ஊதி இருபத்திரண்டு பேரையும் நிறுத்தினார். போய் அவர் கையைப் பிடித்தார். தலைவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டார், ஆனால் கையை இழுக்கவில்லை. கோட்டுக்கு வெளியே கூட்டிவந்து அந்தக் கையை என் கையில் வைத்து, "ஆட்டம் முடியறவரைக்கும் பிடிச்சுக்குங்க மச்சான். அப்புறம் எஸ்பினால் போகலாம்" என்றார்.

தலைவர் என் பக்கத்தில் மரப்பலகையில் உட்கார்ந்தார். என் கையை விடவே இல்லை. கூட்டம் கத்தும்போதெல்லாம் என் பக்கம் சாய்ந்து, "என்ன ஆச்சு? யார் போட்டாங்க?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.